டாக்டரிடம் வர மறுக்கும் மகன்: ஆள் வைத்துத் தூக்கிச் செல்லலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஆறு மாதமாக நண்பர்களுடன் பேச்சு இல்லை, படிப்பும் சரிந்துவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறான். இரவில் தூங்குவதில்லை. செல்போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறான். இது மனச்சிதைவு நோயா? டாக்டரிடம் வர மறுக்கிறான். ஒருவர், "நாங்களே ஆள் அனுப்பி அழைத்துப் போய், மூன்று மாதத்தில் சரி செய்து தருகிறோம்" என்கிறார். அனுப்பலாமா?
(ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்)

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்பாதீர்கள்.

உங்கள் மகனிடம் காணும் மாற்றங்கள் மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். ஆண்களுக்கு அந்நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான் தலைகாட்டுகிறது. ஆனால் கஞ்சா, கடுமையான மனச்சோர்வு, வலிப்பு நோய், மூளை அழற்சி ஆகியவற்றாலும் இப்படி நேரலாம் என்பதால், நேரில் பார்க்காமல் எவரும் பெயர் சூட்டிவிட முடியாது. முதல் நாளிலேயே நோயின் பெயரைச் சொல்லாத மருத்துவர் விவரம் தெரியாதவர் அல்லர், கவனமானவர். பெயர் தெரியும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குணமாவதைக் கடினமாக்குகிறது என்பதே எங்கள் மனநல மருத்துவத் துறையின் அனுபவம்.

பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். கவுன்சலர் என்று பலகை மாட்டியிருப்பவருக்கு மருந்து எழுத அதிகாரம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, அங்கே மாத்திரைகள் இலவசம். காலை முழுக்க வரிசையில் நின்றவருக்கு உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதை நான் மறைக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக அறிவித்தது. அந்த உரிமையைத் தருவதற்குப் போதுமான மருத்துவர்களை நியமிப்பதில்தான் இத்தனை ஆண்டுத் தாமதம். உங்களிடம் பேசியவரைப் போன்ற தரகர் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

அவர்கள் வரும் விதம் எனக்குப் பழக்கம். இரவில் ஒரு வேன் வரும், நான்கு பேர் இறங்குவார்கள், பையனின் கையைக் கட்டி ஏற்றுவார்கள்; பல சமயம் அவன் போய்ச் சேரும் இடம் மனநல மருத்துவரே இல்லாத ஒரு குடிபோதை மறுவாழ்வு மையமாக இருக்கும். முன்பணம் வாங்கிய பிறகு "முதல் மாதம் பார்க்க முடியாது" என்பார்கள். அப்படிப் போய்த் திரும்பிய இளைஞர்கள் என் எதிரே அமர்ந்து, என்னையும் அந்த நால்வரில் ஒருவனாகவே பார்த்திருக்கிறார்கள். அந்த அச்சத்தைக் கரைக்கவே பல மாதங்கள் ஆயின. எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா அருகே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இடத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போய் வேண்டிக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன். அங்கேயே விட்டுவிட்டு வருவதைத்தான் தடுக்கிறேன்.

அவன் சம்மதமின்றிச் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். இதைத்தான் தரகர்கள் திரித்துச் சொல்கிறார்கள். அவன் தன்னையோ பிறரையோ தாக்க முற்பட்டால், அல்லது ஆபத்து நேரும் அளவுக்கு உணவு, உடல் பராமரிப்பைக் கைவிட்டால், அவனுடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணை நிற்க அவனே எழுத்தில் நியமித்தவர், விண்ணப்பிக்கலாம். அவன் யாரையும் நியமித்திருக்கவில்லை என்றால், உறவினர் என்ற முறையில் நீங்களே அந்த இடத்தில் நிற்கலாம். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள் வரையே அனுமதி. பேச மறுப்பதும் பிளாஸ்திரி ஒட்டுவதும் இதற்குப் போதாது. வேன்காரருக்கு இந்தச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை.

வர மறுப்பவனிடம் "உனக்கு மனநோய்" என்று வாதிடாதீர்கள். பக்கத்து வீட்டார் பேசவில்லை என்று நிரூபிக்கவும் முயலாதீர்கள்; நீங்களும் அவர்கள் பக்கம் என்று நினைத்துவிடுவான். தூக்கம் இல்லாதது அவனுக்கே துன்பம். "இத்தனை நாள் தூங்காமல் எவ்வளவு கஷ்டப்படுகிறாய், அதற்காக மட்டும் பார்ப்போம், நானும் கூட வருகிறேன்" என்று கூப்பிடுங்கள். கோயிலுக்கு என்று பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். சோற்றில் மருந்தைக் கலக்காதீர்கள். உணவைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டால் பிறகு சாப்பிடவே மாட்டான்.

அப்போதும் மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். ஓர் அம்மா தினசரி காலண்டர் தாள்களின் பின்புறத்தில் மகன் எப்போது தூங்கினான், என்ன சொன்னான், எதைச் சாப்பிட மறுத்தான் என்று எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு என் மேசையில் வைத்தார். நோய் எந்த மாதம் தொடங்கியது என்பதை அந்தக் கட்டே எனக்குக் காட்டியது. நீங்களும் இன்றே எழுதத் தொடங்குங்கள். கஞ்சாப் பழக்கம் உண்டா என்பதை விடுதி நண்பர்களிடம் கோபமில்லாமல் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416க்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சாவதைப் பற்றி அவன் பேசினாலோ, குரல்கள் தனக்குக் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, மறுநாள் புறநோயாளி நேரத்துக்குக் காத்திருக்காமல் 108ஐ அழைத்து அன்றிரவே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.