கமிட்டியில சேரச் சொல்றாங்க, போகலாமா?

கேள்வி: பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எங்க ஊர்ல மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்கு சிறப்புப் பள்ளி நடத்துற சொசைட்டில கமிட்டி மெம்பரா வரச் சொல்றாங்க, சம்பளம் கிடையாது. இந்தத் துறையே எனக்குப் புதுசு. போகலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமா போங்க சார். கணக்கு தெரிஞ்ச ஆளு இந்த மாதிரி இடத்துக்கு கிடைக்கிறதே கஷ்டம். சேர்றதுக்கு முன்னாடி பைலா (சொசைட்டியோட விதிமுறைகள்), கடைசி ஆடிட் ரிப்போர்ட், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வாங்கவேண்டிய பதிவுச் சான்றிதழ் எல்லாம் கேட்டு வாங்கிப் படிச்சிடுங்க, தப்பா நினைப்பாங்களோன்னு தயங்கவே வேண்டாம்.

அப்புறம் பெத்தவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்கறதுதான் அவங்க பெரிய கவலையா இருக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கிறவங்களுக்கு 18 வயசுக்கு மேல கார்டியன் நியமிக்க 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல வழி இருக்கு, கலெக்டரும் இருக்கிற உள்ளூர் கமிட்டி அதை முடிவு பண்ணும், நிராமயா திட்டத்துல 1 லட்சம் ரூபா வரைக்கும் மருத்துவக் காப்பீடும் உண்டு, இது தெரியாம இருக்கிற குடும்பங்களுக்கு நீங்க எடுத்துச் சொன்னாலே பெரிய உதவி.

இன்னொண்ணு, நீங்க சேரப்போற சொசைட்டி கமிட்டியில மாற்றுத்திறனாளி ஒருத்தராவது இருக்காரான்னு பாருங்க, இல்லேன்னா முதல் மீட்டிங்லயே கேளுங்க, அவங்க இல்லாம அவங்களைப் பத்தி முடிவெடுக்கிறது எனக்குச் சரியாவே படல.