பம்ப் இல்லாத குளிரூட்டல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கூடங்குளத்தில் மின்சாரம் போனாலும் வெளிக்காற்றைக் கொண்டே உலையின் சூட்டைத் தணிக்கும் அமைப்பு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. பழுதாக எதுவுமே இல்லாததை நூறு சதவீதம் நம்பலாம்தானே?

எஸ்., வள்ளியூர்

அன்புள்ள எஸ்.,

நல்ல அமைப்புதான், ஆனால் நூறு சதவீதம் என்று சொல்ல மாட்டேன். ஃபுகுஷிமாவின் முதல் உலையிலும் பம்ப் இல்லாத குளிரூட்டி இருந்தது. உலையின் நீராவி மேலேயுள்ள தொட்டித் தண்ணீருக்குள் குழாய் வழியே போய்க் குளிர்ந்து, தன் எடையாலேயே உலைக்குத் திரும்பும். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில், பிற்பகல் 2.52-க்கு, அது தானாக இயங்கத் தொடங்கியது. மணிக்கு 55 டிகிரிக்கு மேல் சூடு இறங்கக் கூடாது என்பது விதி. அதைவிட வேகமாக இறங்கியதால் ஊழியர்கள் வால்வை மூடினார்கள். பிறகு திறந்தும் மூடியும் சமாளித்தார்கள். வால்வு மூடியிருந்த நேரத்தில் சுனாமி வந்தது, பேட்டரி மின்சாரமும் போயிற்று. கட்டுப்பாட்டு மின்சாரம் போனால் மற்ற வால்வுகளும் மூடிக்கொள்ளும்படிதான் அதை வடிவமைத்திருந்தார்கள், குழாய் உடைந்தால் நீராவி வெளியேறக் கூடாது என்பதற்காக. மாலை 6.18-க்கு வால்வின் நிலையைக் காட்டும் விளக்கு மீண்டும் எரிந்ததும் திறந்து பார்த்தார்கள். வெளியே கொஞ்ச நேரம் ஆவி தெரிந்தது, அப்புறம் நின்றுவிட்டது. தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டதோ என்று பயந்து 6.25-க்கு மூடிவிட்டார்கள். அங்கே பணியில் இருந்த யாரும் அதற்கு முன் அதை இயக்கியதே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

சரி, வால்வெல்லாம் ஒழுங்காகத் திறந்தாலும் குளிர்ச்சி போதாமல் போகலாம். பத்து மீட்டர் உயரத்தில், சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் கன மீட்டருக்கு 50 கிலோ எடை வித்தியாசம் என்றால், சுழற்சியை ஓட்டக் கிடைப்பது அரை மீட்டர் தண்ணீரின் அழுத்தம்தான். குழாயில் கொஞ்சம் வாயு சேர்ந்தாலோ வெளிக்காற்று கொதித்தாலோ ஓட்டம் தளர்ந்துவிடும். எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது.

அதனால் பாகங்களின் பழுதுக் கணக்கு மட்டும் இங்கே உதவாது. காற்றின் சூடு, வாயுவின் அளவு, வால்வு எவ்வளவு திறந்தது என்பவற்றை மாற்றி மாற்றிக் கணினியில் ஓட்டி, எங்கே குளிர்ச்சி போதாமல் போகிறது என்று பார்க்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் உருவாக்கிய ஏ.பி.எஸ்.ஆர்.ஏ. முறை இன்னும் ஒரு படி போய், அந்த வாயு ஏன் சேர்ந்தது, எந்தக் கருவியின் கோளாறால் என்றும் தேடுகிறது. அதுதான் சரியான கேள்வி என்பேன்.

கூடங்குளத்து அதிகாரிகளிடம் பேச வாய்த்தால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். வெளிக்காற்றின் சூடு எவ்வளவு என்று வைத்துக் கணக்கிட்டீர்கள், அந்தக் காற்றை உள்ளே விடும் கதவுகளைக் கடைசியாக எப்போது திறந்து சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.