பார்வோனின் இருதயத்தைக் கர்த்தர் கடினப்படுத்தினார் என்றால் குற்றம் யாருடையது?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு யாத்திராகமம் நடத்துகிறேன். இஸ்ரவேலரை அடிமைத்தனத்திலிருந்து விட மறுத்த எகிப்து ராஜா பார்வோனுடைய பகுதி வந்தது. "கர்த்தர்தானே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார், அப்புறம் அவனை ஏன் தண்டித்தார்? அப்படியானால் மனுஷனுக்குச் சுயசித்தம் எங்கே இருக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். "தேவனுடைய வழிகள் நமக்குப் புரியாது" என்று சொல்லி முடித்துவிட்டேன். அடுத்த வாரம் எப்படிப் பேசுவது?

பதில்: அவன் கேட்டது வேதத்துக்குள்ளேயே இருக்கிற கேள்வி என்பதை முதலில் அவனுக்குச் சொல்லுங்கள். பார்வோனைப் பற்றி எழுதிய கையோடு, "அப்படியானால் தேவன் இன்னும் ஏன் குற்றம் பிடிக்கிறார்?" என்ற கேள்வியைப் பவுலே ரோமர் 9:19-இல் எழுப்புகிறார். "புரியாது" என்ற பதிலுக்கும் இடம் உண்டு. ஆனால் சொல்லப்பட்டதையெல்லாம் வாசித்து முடித்த பிறகே அது வர வேண்டும். முதலிலேயே வந்தால் பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிடுவார்கள்.

அடுத்த வகுப்பைக் கரும்பலகையில் நடத்துங்கள். 45 நிமிடம் போதும். மூன்று கட்டங்கள் போட்டு, யாத்திராகம வசனங்களைப் பிள்ளைகளையே வாசிக்கவைத்து நிரப்புங்கள். பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்தியது ஒரு கட்டம்: 8:15, 8:32, 9:34. யார் செய்தது என்று சொல்லாமல் 'கடினப்பட்டது' என்று மட்டும் வருவது இன்னொன்று: 7:13, 7:22, 8:19, 9:7, 9:35. கர்த்தர் கடினப்படுத்தியது மூன்றாவது: 9:12, 10:1, 10:20, 10:27, 11:10, 14:8. ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் அது எகிப்தின்மேல் கர்த்தர் அனுப்பிய பத்து வாதைகளில் எதை ஒட்டி வருகிறது என்றும் எழுதச் சொல்லுங்கள். இரத்தம், தவளை, பேன், வண்டு, கால்நடைக் கொள்ளைநோய் என்ற முதல் ஐந்து வாதைகளில் ஒன்றில்கூட 'கர்த்தர் கடினப்படுத்தினார்' என்ற வாக்கியம் இல்லை. ஆறாவது வாதையான கொப்புளத்தில்தான் (9:12) அது முதல்முறை வருகிறது.

இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் நின்றுவிடுகிறார்கள். "முதல் ஐந்து முறை பார்வோன், அதற்குப் பிறகு கர்த்தர்" என்று சொன்னால் கணக்கு முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் கூர்மையான பிள்ளை அதை இரண்டு இடத்தில் உடைத்துவிடும். மோசே எகிப்துக்குப் போகும் முன்பே, "அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று கர்த்தர் 4:21-இலும், பிறகு வாதைகள் தொடங்கும் முன் 7:3-இலும் சொல்லியிருக்கிறார். இந்த வசனங்களை மறைக்காமல் பலகையின் மேல்பகுதியில் தனியாக எழுதிவையுங்கள். ஏழாவது வாதையான கல்மழை நின்றதும் பார்வோன் மறுபடியும் பாவம் செய்து தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்று 9:34 சொல்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, "நான் கடினப்படுத்தினேன்" என்கிறார் கர்த்தர். நடந்தது ஒன்றுதான், அது இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. பாதி பார்வோன், பாதி கர்த்தர் என்று பங்கு பிரிக்க யாத்திராகமம் இடம் தருவதில்லை. கர்த்தரின் செயல் பார்வோனுடைய செயலை அழித்துவிடவில்லை. பையனின் கேள்விக்கு வேதம் தருகிற பதிலின் மையம் இதுதான். வகுப்பில் அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

பார்வோன் கயிற்றில் ஆடும் பொம்மையாக இல்லை என்பதைக் கதையின் சிறு விவரங்களே காட்டும். வாதை எதுவும் வரும் முன்பே, "கர்த்தர் யார்?" என்று கேட்டு (5:2), செங்கல் அறுத்த இஸ்ரவேலருக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்தியவன் அவன். தவளைகள் எப்போது நீங்க வேண்டும் என்று மோசே கேட்டால், "நாளைக்கு" என்கிறான் (8:10). பேரமும் பேசுகிறான்: வெகுதூரம் போகாதீர்கள், ஆண்கள் மட்டும் போங்கள், ஆடுமாடுகளை விட்டுப் போங்கள் (8:28, 10:11, 10:24). "நான் பாவம் செய்தேன்" என்று 9:27-இல் அறிக்கை செய்தவன், மழை நின்றதும் மாறிவிடுகிறான். அவனுடைய ஊழியக்காரரிலேயே கர்த்தருடைய வார்த்தைக்குப் பயந்தவர்கள் கல்மழைக்கு முன் தங்கள் வேலைக்காரரையும் கால்நடைகளையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள் (9:20). கேட்ட எச்சரிப்பு ஒன்றுதான், எகிப்தியருக்குள்ளேயே வேறு பதில் சாத்தியமாக இருந்தது. பின்னாளில் பெலிஸ்தரின் பூசாரிகள், "எகிப்தியரும் பார்வோனும் தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தினதுபோல நீங்கள் ஏன் கடினப்படுத்துகிறீர்கள்?" என்று தங்கள் ஜனத்தையே கேட்கிறார்கள் (1 சாமுவேல் 6:6). குற்றம் யாருடையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

கர்த்தர் எப்படிக் கடினப்படுத்தினார் என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற சபைப் போதகர், ஒரே சூரியன் மெழுகை உருக்கிச் சேற்றை இறுகச் செய்வதை எடுத்துக்காட்டினார்: தேவனுடைய தயவு ஒன்றே, இருதயத்தின் தன்மைதான் வேறு. அவருக்குப் பின் வந்த ஆயர் அகஸ்டின், தேவன் தீமையைப் புகுத்துவதில்லை, இரக்கத்தைத் தராமல் விடுவதே கடினப்படுத்துதல் என்றார். 1524-இல் கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் சுயசித்தத்துக்காக எழுதியபோது பார்வோனை ஓரிகன் வழியில் விளக்கினார். மறு ஆண்டு சீர்திருத்தவாதி லூத்தர் அதைக் கடுமையாக மறுத்தார். ஏற்கெனவே கெட்டுப்போன சித்தத்தையே தேவன் இயக்குகிறார், ஆகவே தீமை அந்தச் சித்தத்துடையது என்பது லூத்தரின் வாதம். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின், தேவன் வெறுமனே அனுமதித்தார் என்ற பேச்சையே ஏற்கவில்லை. ஆனாலும் யாரும் வற்புறுத்தாமல் மனதாரத் தீமையை விரும்பியதால் குற்றம் மனிதனுடையதே என்றார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழியில், மனுஷன் தேடும் முன்பே தேவன் தருகிற 'முந்திவரும் கிருபை' எல்லாருக்கும் கிடைக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப எதிர்த்தவன்மேல் வரும் நியாயத்தீர்ப்பே கடினப்படுதல்.

இவற்றை 13 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டாம். உங்கள் வகுப்பில் ஐந்து நிமிடம் சொல்லலாம், அதுவும் போதகரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைக் கொண்ட தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்து உருவானது. கால்வின் வழி, வெஸ்லி வழி இரண்டுமே அதன் பரம்பரைச் சொத்து. ஒன்றை மட்டும் வேதத்தின் ஒரே போதனை என்று சொன்னால், பிள்ளை வீட்டில் வேறொன்றைக் கேட்டுவிட்டு உங்களை நம்பாமல் போகும்.

ரோமர் 9-ஐ எடுத்தால், தேவன் தமக்குச் சித்தமானவனைக் கடினப்படுத்துகிறார் என்கிற 18-ஆம் வசனத்தில் நிறுத்தாதீர்கள். எதிர்த்து வாதாடுகிறவனைப் பவுல் கண்டிக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. நாள் முழுவதும் கைகளை நீட்டிக்கொண்டிருக்கிற தேவன் 10:21-இல் வருகிறார். எல்லார்மேலும் இரக்கமாயிருக்கும்படி என்ற வாக்கியம் 11:32-இல். மூன்று அதிகாரங்களும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை.

"தேவனுக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான்" என்று சுருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ராஜா விடமாட்டான் என்று தமக்குத் தெரியும் என்று கர்த்தர் யாத்திராகமம் 3:19-இல் சொல்கிறார், சரி. ஆனால் 9:12 அறிவதைப் பற்றிப் பேசவில்லை, செய்வதைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளை அதை வாசித்துக் காட்டினால் உங்களிடம் பதில் இருக்காது.

வகுப்பு முடிந்தபின் யாராவது தனியாக வந்து, "கர்த்தர் என்னையும் கடினப்படுத்திவிட்டாரா?" என்று கேட்கலாம். இந்த வயதில் ஏதோ ஒரு பாவத்தை நினைத்துக்கொண்டு அப்படிக் கேட்பார்கள். அப்போது லூத்தரையும் வெஸ்லியையும் எடுக்காதீர்கள். கல்மழை நின்றதும் பார்வோனுக்குக் கவலை போய்விட்டது, உனக்குப் போகவில்லையே என்று சொல்லுங்கள். "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில் உங்கள் இருதயங்களைக் கடினப்படுத்தாதிருங்கள்" என்ற எபிரெயர் 3:15-ஐ அவனோடு உட்கார்ந்து வாசித்து, அவனுக்காக அங்கேயே ஜெபியுங்கள். பயம் பல வாரம் நீடித்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரையும் பார்க்கச் செய்யுங்கள்.