பார்க்காமலே விரல் சொல்லும்

கேள்வி: பொறியியல் உளவியலாளர் ஒருவர் வாள்வீச்சுப் போட்டிகளிலும் கலந்துகொண்டவர் என்று படித்தேன். இயந்திரத்துக்கு ஏது மனசு? தப்பு நடந்தால் ஆளைத்தானே திருத்த வேண்டும்? வாளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மனசு இயந்திரத்துக்கு இல்லை, அதை இயக்குகிறவருக்கு இருக்கிறது. அந்த மனசுக்கு ஏற்றபடி இயந்திரத்தை அமைக்க உதவுகிறவர்தான் பொறியியல் உளவியலாளர். ஆளைத்தான் திருத்த வேண்டும் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரம் மடங்கி வயிறு தேய நின்றன. விமானியின் தவறு என்று எழுதிவைத்தார்கள். 1943-ல் ஒஹையோவின் ரைட் ஃபீல்டு தளத்தில் இருந்த அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர், விமானியை விட்டுவிட்டு அவர் முன்னால் இருந்த விசைகளைப் பார்த்தார். இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் தகடான ஃபிளாப்புக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அச்சு அசல் ஒரே மாதிரி! களைத்துப்போய் வந்த மனிதர் ஃபிளாப்பை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கியிருக்கிறார். விசைகள் வேறு மாதிரி அமைந்த சி-47 விமானத்தில் இந்தக் குழப்பமே இல்லை. சப்பானிஸ் சக்கர விசையின் முனையில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் விசையில் ஆப்பு வடிவக் கட்டையையும் பொருத்தச் செய்தார். பார்க்காமலே விரல் சொல்லிவிடும். இன்றைய பயணிகள் விமானத்திலும் அந்தப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

சரி, வாளுக்கு வருவோம். பால் ஃபிட்ஸ் என்ற இன்னொரு பொறியியல் உளவியலாளர் 1954-ல் வெளியிட்ட சோதனையில், கையில் ஒரு உலோகக் கோலைக் கொடுத்து இரண்டு தகடுகளை மாறி மாறித் தட்டச் சொன்னார். குறி சிறுத்தாலும் தூரம் கூடினாலும் கை எவ்வளவு தாமதிக்கும் என்பதை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். எபே என்ற வகை வாள்வீச்சில் உடம்பு முழுவதும் குறி. எதிராளியின் மணிக்கட்டு கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் சிறியது. மார்பு பெரியது, ஆனால் எட்டத்தில். எதைக் குத்துவது? அந்தச் சூத்திரம் வாள் வீசுகிறவரின் தோளிலேயே ஓடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எபேயில் இருவர் வாள்முனையும் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் பட்டால் இருவருக்குமே புள்ளி. அதை எந்த நடுவரின் கண் பிரித்துப் பார்க்கும்? நடுவரைத் திருத்தப் பார்க்காமல், 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே எபேவுக்கு மின்கருவியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.