ஆறு நிமிட நடை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). நடைச் சோதனையில் ஆறு நிமிடத்தில் 320 மீட்டர் நடந்தார். இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்?

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து ஆயுளைக் கணக்கிடாதீர்கள். 2004-இல் வந்த ‘போட்’ குறியீடு எடை-உயர விகிதம், ஊதும் திறன், மூச்சிரைப்பு, நடைதூரம் என நான்கையும் சேர்த்து 10 புள்ளிக்குப் பார்க்கிறது. புள்ளி ஏற ஏற ஆபத்தும் ஏறும். 320 மீட்டருக்கு 1 புள்ளிதான். மற்ற மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையே போதாதா? மூச்சு வாங்குபவரை எதற்காக நடக்க வைக்கிறீர்கள்?

பதில்: போதாது. ஊதும் சோதனை காற்றுக்குழாயின் அடைப்பைச் சொல்லும். நடக்கும்போதுதான் இதயம், தொடைத் தசை, இரத்த ஆக்சிஜன் எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. ஒரே அளவு ஊதும் இருவரில் ஒருவர் 400 மீட்டர் நடப்பார், மற்றவர் 200-இலேயே சுவரைப் பிடித்து நிற்பார். ‘போட்’ ஆய்வில் 625 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். இறப்பைக் கணிப்பதில், ஊதும் அளவு மட்டும் காட்டியதைவிட நான்கும் சேர்ந்த குறியீடு தெளிவாக முந்தியது.

மறுப்பு: முழங்கால் வலி இருந்தாலும் தூரம் குறையுமே! அதை நுரையீரல் கணக்கில் எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது; சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதனால்தான் நடை நின்ற காரணத்தையும் குறிக்கச் சொல்கிறேன். காரணம் எழுதாத அறிக்கையை நம்பாதீர்கள். கால் ஒத்துழைக்காதவருக்கு, உடல் உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று சைக்கிளில் அளக்கும் சோதனையை மருத்துவர் பரிசீலிக்கலாம். 2003-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் சிஓபிடி நோயாளிகளின் இறப்பை வலுவாகக் கணித்தது அந்த அளவுதான். ஆனால் அதற்கான கருவி எல்லா ஊரிலும் இல்லை. நடைக்கு ஒரு தாழ்வாரமும் கடிகாரமும் போதும்.

கேள்வி: அம்மா 290 மீட்டர். எத்தனை ஆண்டுகள்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வீட்டு மாடியில் நடக்க வைத்து அளக்கலாமா?

பதில்: வேண்டாம். 30 மீட்டர் நேர்த் தாழ்வாரம் வேண்டும். குறுகிய இடத்தில் திரும்பித் திரும்பியே தூரம் குறையும். முதல் சோதனையைவிட இரண்டாவதில் தூரம் கூடுவது வழக்கம் என்பதால் இரண்டு முறை நடக்க வைப்போம்.

கேள்வி: எனக்கு நுரையீரல் தழும்பு நோய். தூரம் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது? நடையின்போது 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே போனால், தூரம் நன்றாக இருந்தாலும் கவலைக்குரியது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மாமாவுக்கு 180 மீட்டர். எவ்வளவு காலம்?

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், ஓர் எண்ணில் ஆயுள் இல்லை. அவரை நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்த்தீர்களா? 30 மீட்டர் கூடினாலே அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். பயிற்சி முடிந்த பிறகு அளந்த தூரத்தை எழுதுங்கள், பேசலாம்.