பழைய ஆர்டுயினோ ஊனோவை (சின்ன கன்ட்ரோலர் போர்டு) ராஸ்பெரி பையோடு (கையடக்க கம்ப்யூட்டர்) நேரடியாக இணைக்கலாமா? பழைய டைமர் போர்டையும் சேர்க்க முடியுமா?

ஒயர் கச்சிதமாக நுழைந்துவிடும். அதுதான் சிக்கலே. போர்டில் ஒயர் செருகும் பின் (pin) பொருந்தினால் மின்னழுத்தமும் பொருந்தும் என்று மனசு நம்பிவிடுகிறது.

ஊனோ 5 வோல்ட் போர்டு. ராஸ்பெரி பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நானும் முதல் தடவை ஊனோவின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) பின்னை நேராகப் பையின் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) பின்னில் செருகினேன். இரண்டு நாள் ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் அந்த ஒரு பின் மட்டும் செத்துப்போயிருந்தது. போர்டு வழக்கம்போல பூட் ஆகிறது, மற்ற பின்கள் எல்லாம் சரி. அதனால் ஒரு சாயங்காலம் முழுக்க புரோகிராமில் தப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது எதையும் இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்துவிடுவேன். இந்த டிஎக்ஸ்-ஆர்எக்ஸ் ஒயர்தான் சீரியல் லைன்; அது சும்மா இருக்கும்போது 'ஹை'யில், அதாவது முழு மின்னழுத்தத்தில், நிற்கும். டிஎக்ஸ் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்தாலே எத்தனை வோல்ட் என்று தெரிந்துவிடும். 5 காட்டினால் இரண்டு ரெசிஸ்டர் போதும்: டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் சுமார் 3.3 வோல்ட் வரும், அதைப் பைக்குக் கொடுங்கள். எதிர்த்திசையில், பையிலிருந்து ஊனோவுக்கு, ஒன்றும் வேண்டாம். ஊனோவின் மூளையாக 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி சிப், 3 வோல்ட் வந்தாலே 'ஹை' என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

சீரியலுக்குப் பதில் ஐ2சி என்ற இணைப்பு முறை என்றால் இந்த வித்தை செல்லாது, ஒரே ஒயரில் இரண்டு பக்கமும் பேச்சு நடக்கும். அதற்கு மின்னழுத்தத்தை இரண்டு பக்கமும் மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் என்று சின்ன போர்டாகவே கிடைக்கும். உண்மையைச் சொன்னால், ஊனோவை யுஎஸ்பி கேபிளில் பையோடு இணைத்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவுமே கிடையாது. நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

டைமர் போர்டு வேறு கதை. அங்கே போவது பின் அல்ல, உயிர். பழைய டைமர், ரெகுலேட்டர் பலவற்றில் டிரான்ஸ்பார்மரே இருக்காது; மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) வரும் இடத்தில் பெட்டி மாதிரி ஒரு கெப்பாசிட்டரை வைத்தே மின்னழுத்தத்தைக் குறைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட போர்டின் 'கிரவுண்ட்' நேராக மெயின்ஸோடு ஒட்டியிருக்கும். அதைப் பையின் கிரவுண்டோடு சேர்த்தால் யுஎஸ்பி கேபிளின் உலோக முனையிலேயே ஷாக் அடிக்கலாம். மேலே சொன்ன 'கிரவுண்டைச் சேருங்கள்' இங்கே பொருந்தவே பொருந்தாது.

சேர்த்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் பிசி817 மாதிரி ஆப்டோகப்ளர் வேண்டும். அதற்குள் ஒரு எல்இடி எரியும், எதிரே இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்யும்; இரண்டு பக்கத்துக்கும் மின்தொடர்பு கிடையாது. ஊனோ பக்கம் எல்இடிக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். டைமர் பக்கத்து ஒயரை மட்டும் மெயின்ஸ் வேலை தெரிந்தவர் கையில் விடுங்கள்.

போர்டில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா இல்லையா என்று குழப்பமாக இருந்தால், முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்தே திறவுங்கள். அந்தக் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கும்.