எஸ்எஸ்எம்மில் பதிந்த பெயர், டொமேனிலும் நம்முடையதா?

கேள்வி: வணக்கம் ஐயா. ஜார்ஜ்டவுனில் வீட்டிலேயே முறுக்கும் மசாலாத் தூளும் செய்து விற்கிறோம். கடைப் பெயரை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிந்திருக்கிறோம். தெரிந்த தம்பி ஒருவர் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு டாட் காம் இணையத்தளம் செய்து கொடுத்தார், இப்போது போனே எடுப்பதில்லை. டொமேன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) காலாவதியாகப் போகிறது, உடனே கட்டுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. எங்கள் பெயர், ஒருமுறை வாங்கியாகிவிட்டது, மறுபடியும் ஏன் கட்ட வேண்டும்? (வாசகி, பினாங்கு)

பதில்: முதலில், அந்த மின்னஞ்சலில் இருக்கும் லிங்க்கை அழுத்திப் பணம் கட்டாதீர்கள். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் இப்படி எழுதலாம், ஏமாற்றுக்காரர்களும் எழுதுகிறார்கள். உலக அளவில் டொமேன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமேனைத் தட்டினால் எந்த நிறுவனத்தில் பதிந்திருக்கிறது, எப்போது முடிகிறது என்று இலவசமாகவே தெரியும். பதிந்தவரின் பெயர் அங்கே பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். கட்டுவதாக இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே நேராகப் போய்க் கட்டுங்கள்.

டொமேனை யாரும் ஒரேயடியாக வாங்க முடியாது, கடைக்கு வாடகை கட்டுவது மாதிரிதான். டாட் காம் என்றால் ஒரு தடவையில் அதிகம் போனால் 10 ஆண்டுக்குப் பதியலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். எஸ்எஸ்எம் பதிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டாட் காம் பதிய யாரும் கடைப் பதிவைக் கேட்பதில்லை, முதலில் பதிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது பணம் இல்லை, பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். அந்தத் தம்பி தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தால், நீங்கள் எத்தனை வெள்ளி கொடுத்திருந்தாலும் பதிவு நிறுவனத்தின் கணக்கில் உரிமையாளர் அவர்தான், அவரைக் கேட்காமல் அவர்கள் உங்களுக்கு மாற்றித் தர மாட்டார்கள். தகராறு மனு போடலாம், ஆனால் அதற்கு உங்களுக்கு வணிக முத்திரை உரிமை இருக்க வேண்டும், அவர் கெட்ட நோக்கத்தில் பதிந்தார் என்றும் காட்ட வேண்டும். வைப்போவில் (WIPO, உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒருவர் விசாரிக்கும் மனுவுக்கே கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். முறுக்கு விற்கும் கடைக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் தம்பியை வீட்டிலேயே போய்ப் பாருங்கள், சண்டை போட வேண்டாம். உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றித் தரச் சொல்லுங்கள், வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பரிமாற்றக் குறியீடும் வேண்டும். ஹோஸ்டிங் (தளத்தின் பக்கங்களை வைத்திருக்கும் சேவை) தனி விஷயம், அதன் கடவுச்சொல்லையும் சேர்த்தே கேளுங்கள். தேதி தாண்டிவிட்டாலும் பதறாதீர்கள், பல நிறுவனங்கள் சில வாரம் அவகாசம் தரும், அழித்த பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குக் கட்டணம்தான் அதிகம். அதுவும் போனால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் கிடைக்கவே இல்லையென்றால் உங்கள் கடைப் பதிவை வைத்து மலேசியாவுக்கான டாட் காம் டாட் மை (.com.my) ஒன்றை நீங்களே பதிந்து, அட்டையிலும் பாக்கெட்டிலும் இப்போதே மாற்றத் தொடங்குங்கள்.